சாப்பிட்டாயா என்று கேட்ட குற்றம்

தையல்நாயகி இருபத்துமூன்று வருஷமாகச் சமூகப் பணியாளர். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, தான் அது இல்லை என்று தெரிந்துகொண்டாள். உடம்புக்கு ஒன்றும் வரவில்லை, புத்தியும் பிசகவில்லை, யாரும் அவள்மேல் புகார் கொடுக்கவும் இல்லை. அரசிதழில் ஒன்றரைப் பக்கம் அச்சாகியிருந்தது. அவ்வளவுதான் சங்கதி.

அவள் வேலை பார்த்தது புதுவையின் கோரிமேட்டு எல்லையில் இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில். பெயர் எதற்கு? சொன்னால் அதற்கும் ஒரு விசாரணை வைப்பார்கள். விழுப்புரம் பஸ்ஸிலும் திண்டிவனம் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற ஜனங்கள் மஞ்சள் பையும் எக்ஸ்ரே கவருமாக அங்கே முழித்துக்கொண்டு நிற்பார்கள். எந்த ஜன்னலில் சீட்டு, எந்தக் கட்டிடத்தில் ரத்தம், சீட்டைத் தொலைத்தவன் யாரைப் பார்ப்பது, கட்டிலில் போட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் நழுவிவிட்ட கிழவரை என்ன செய்வது, எல்லாம் தையல்நாயகி தலையில். யாரைப் பார்த்தாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"சாப்டியா?"

மரியாதைக்குக் கேட்பது என்று நினைத்துவிடாதீர்கள். அவளுடைய தொழில் மொத்தமும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. "சாப்ட்டேன்" என்று ஒருவர் தரையைப் பார்த்துச் சொன்னால் கையில் காசில்லை. "மருமவ எடுத்தாருவா" என்றால் மருமகள் வரப்போவதில்லை. "எனக்கு என்னாம்மா, அந்தப் புள்ளைக்குக் குடு" என்றால் அங்கே அம்மா என்று ஒருத்தி இருக்கிறாள், கவலையில்லை. நாலு பக்கப் படிவத்தில் நிரப்புவதை அந்த ஒரு கேள்வியில் தெரிந்துகொண்டு, பிறகுதான் படிவத்தைப் பிரிப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவாசையின் படிவம். அம்மாவாசைக்கு அறுபத்தோரு வயது. மில்லில் நூல் ஓட்டியவர், மில் மூடியபிறகு சாரம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார். சனிக்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. கையெழுத்துப் போட உறவு இல்லாதவர்களுக்கு, "விசாரித்தேன், யாருமில்லை, ஆஸ்பத்திரியே பொறுப்பேற்கலாம்" என்று சமூகப் பணியாளர் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

டாக்டர் கவிநிலா கம்ப்யூட்டரைக் காட்டினாள். "இங்க பாருங்கக்கா. உங்க கையெழுத்துக்குக் கீழ பதிவு எண்ணுன்னு ஒரு கட்டம் புதுசா வந்திருக்கு. அது காலியா இருந்தா அடுத்த பக்கமே போக மாட்டேங்குது."

"ஏதாச்சும் ஒரு நம்பர போடேன்மா."

"போட்டுப் பாத்தேன்க்கா. 'இவர் சமூகப் பணியாளர் அல்லர்'ன்னு வருது."

"இந்த வாரம் விட்டா அடுத்தது எப்போ?"

"நாலு மாசம் ஆவும்." கவிநிலா குரலைத் தணித்துக்கொண்டாள். "நாலு மாசம் அவரு தாங்க மாட்டாருக்கா."

அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தையல்நாயகி கடற்கரைப் பக்கம் போய் இறங்கினாள்.

அந்தப் பதிவு எண்ணைக் கொடுக்கிற புதுவைச் சமூகப் பணியாளர் தொழில்நெறி ஒழுங்காற்று வாரியம் ஒரு மஞ்சள் சுவர்ப் பழைய வீட்டில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் எவனோ குடும்பம் நடத்திய வீடு. வாரியத்தின் பெயர் நீளத்துக்குப் பலகை அடித்ததில் இரண்டு ஜன்னல் மூடிக்கொண்டது, அதனால் உள்ளே பகலிலும் விளக்குப் போட்டிருந்தார்கள். வாரியத்தில் ஒன்பது உறுப்பினர்கள். ஒருவர் மீன்வளத்தில் ஓய்வு பெற்றவர், ஒருவர் அச்சகத்தில், ஒருவர் தோட்டக்கலையில். சமூகப் பணியாளர் ஒருவர்கூட இல்லை. சமூகப் பணியாளர்களை ஒழுங்குபடுத்துகிற இடத்தில் சமூகப் பணியாளரை உட்கார வைத்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். என்ன ஒரு முன்யோசனை பாருங்கள்!

மனு வாங்குகிற மேஜையில் கண்காணிப்பாளர் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. அவர் மேஜைக்கு எதிரே இருபது முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் போன வாரம்வரை சமூகப் பணியாளர்கள்.

"சாப்டீங்களா சார்?" என்றாள் தையல்நாயகி. வாய் பழக்கம்.

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். "வெளிய எங்கயும் அப்படி கேட்றாதீங்க. விதி பதினாலு." படித்தே காட்டினார். "பயனாளி தாமாகக் கோராத நிலையில் அவரது உணவு, உறக்கம், உறவு ஆகியன குறித்து விசாரித்தல் அத்துமீறல் ஆகும்."

"அப்பறம் எத பத்திதான் சார் விசாரிக்கறது?"

"அதுக்கு விதி இன்னும் வரல." நாற்பத்தாறு பக்கப் படிவம் ஒன்றை நகர்த்தினார். "அனுபவச் சான்று மட்டும் முக்கியம். பதிவு பெற்ற ஒரு சமூகப் பணியாளர்கிட்ட கையெழுத்து வாங்கணும்."

"இதுவரைக்கும் யாரு சார் பதிவு வாங்கியிருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப நான் யாருகிட்ட போய் வாங்கறது?"

"முதல் ஆளுக்குத்தாம்மா கஷ்டம். ரெண்டாவது ஆளுலேர்ந்து ரொம்ப சுலபம்." கிண்டலா என்று முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவரே கொஞ்சம் இறங்கிவந்து, "விதி ஏழு ஆ-ன்னு இன்னொரு வழி இருக்குது. விண்ணப்பதாரர் சமூகப் பணி ஆற்றினார்னு வாரியத் தலைவர் கையெழுத்து போட்ட பேப்பர் எதுவா இருந்தாலும் செல்லும். நாளைக்கு வந்து ஐயாவ பாருங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஐயாவைப் பார்த்தாள். தலைவர் விஜயராகவன் முப்பத்துநாலு வருஷம் ஊருக்குக் குழாய் போட்ட இன்ஜினியர். பார்க்க வந்தவர்களுக்குப் பேச வாய்ப்புக் கொடுக்காமல் பேசுவது அவருக்குக் கைவந்த கலை.

"சமூகம்னா என்னாம்மா? ஒரு பைப் லைன். மேல அரசாங்கம், கீழ ஜனங்க. நடுவுல நீங்க. நீங்கன்னா என்ன? லீக்கேஜ். ஆளாளுக்கு ஒரு ஓட்ட போட்டு, உதவி உதவின்னு தொறந்து விட்டுட்டீங்க. யாரு பண்றா, எவ்வளவு பண்றா, ஒரு மீட்டர் கிடையாது. இனிமே ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வால்வு வெக்கறோம்."

"எனக்கு வேண்டியதும் ஒரு வால்வுதான் சார். ஒரு நோயாளிக்கு" என்று அம்மாவாசையின் கதையைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கையை விரித்தார்.

"ரொம்ப சென்டிமென்ட்டா இருக்குது. ஆனா நீங்க பணி செஞ்சீங்கன்னு நான் எப்படி கையெழுத்து போட முடியும்? நான் கண்ணால பாக்கல."

"வந்து பாருங்க சார். கோரிமேடுதான்."

"பாத்தேன்னு வைங்க, பதிவு இல்லாம பணி செய்யறது குற்றம். குற்றத்த கண்ணால பாத்துட்டு சர்ட்டிபிகேட்டா குடுக்க முடியும்? நடவடிக்கதான் எடுக்க முடியும்." தம்முடைய நியாயம் தமக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். "வாரியம் ஆரம்பிச்சி நாலு மாசம் ஆவுது. பதிவு பெற்ற ஆளுங்க மேல ஒரே ஒரு புகார்? ஒண்ணு கூட இல்ல! வேற எந்த ஊர்ல இந்த சாதனை இருக்குது, சொல்லுங்க."

வேறு எந்த ஊரிலும் இல்லைதான். தையல்நாயகி ஒப்புக்கொண்டு வெளியே வந்தாள். அன்று மத்தியானம் அம்மாவாசையின் தலைமாட்டில் நின்றபோது அவர், "இன்னா தங்கச்சி, பேப்பர் ஆச்சா?" என்றார். "ஆய்டும்ணே" என்றாள். பொய்யைச் சொல்லிவிட்டு அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

புதன்கிழமை 'தொழில்முறை இடைவெளித் தேர்வு' நடந்தது. கூடத்தின் நடுவே சாக்பீசால் இரண்டு கோடு. பணியாளருக்கும் பயனாளிக்கும் நடுவே நாலடி இருக்க வேண்டுமாம், டேப்பைப் பிடித்து அளந்து கிழித்திருந்தார்கள். அளந்தவர் வாரியத்தின் விழிப்புப் பணி அலுவலர் இனியவன். இருபத்தெட்டு வயது. பதிவில்லாமல் யார் உதவி செய்கிறார்கள் என்று கண்காணிப்பது அவருடைய வேலை. கையில் ஒரு நோட்டு. இதுவரை அதில் தேதி மட்டும்தான் எழுதியிருந்தார், பாவம்.

முதலில் வாய்மொழிக் கேள்வி. "ஒரு பயனாளி அழுதுகொண்டே வருகிறார். நீங்கள் முதலில் செய்வது என்ன?"

"உக்கார வெச்சி தண்ணி குடுப்பேன்."

"தவறு. பதிவு அட்டையை மார்பு உயரத்தில் பிடித்துக் காட்ட வேண்டும்."

"அவங்க கண்ணுல தண்ணியா இருக்குமே சார். அட்ட எப்படி தெரியும்?"

இனியவன் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தார். அதற்கு அதில் பதில் இல்லை. "அடுத்து செய்முறை" என்றார்.

செய்முறைக்குப் பயனாளியாக நடிக்க ஆள் வேண்டும். வாரியத்தைக் கூட்டிப் பெருக்குகிற ராஜாம்பாளைத் துடைப்பத்தோடு கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, "அழு" என்றார்கள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்தினாள். "ஐய, எனக்கு அழுவ வராது சார்" என்றாள்.

தையல்நாயகி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். நாலடி தூரத்திலிருந்தே தெரிந்தது, அந்த அம்மாளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "காலைல சாப்டியாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு ஆளுக்கு என்னாத்த ஆக்கறது" என்று ராஜாம்பாள் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, பொலபொலவென்று அழுதுவிட்டாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் இரண்டு மாசமாகப் போன் பண்ணவில்லையாம். உயிரோடு இருக்கிறானா இல்லையா தெரியவில்லையாம். பதினொரு வருஷமாக இந்தக் கட்டிடத்தைப் பெருக்குகிறாள், யாரிடமும் சொன்னதில்லையாம்.

சாக்பீஸ் கோடாவது ஒன்றாவது! தையல்நாயகி அதை மிதித்துக்கொண்டு போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். மகன் வேலை பார்த்த கம்பெனி எது, கூடப் போனவன் யார், அவன் தங்கச்சி எங்கே என்று கேட்டு, ஆறு போன் போட்டாள். நாலு மணிக்கு மகன் லைனில் வந்தான். போன் தொலைந்துபோய், நம்பரும் போய்விட்டதாம். ராஜாம்பாள் அவனை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். அப்புறம் துடைப்பத்தை எடுத்துச் சாக்பீஸ் கோட்டைப் பெருக்கித் தள்ளினாள்.

செய்முறையில் தையல்நாயகிக்கு மதிப்பெண் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினால் பதிவு கிடையாது என்பதற்கு விதி இன்னும் வரவில்லை. இனியவனுடைய நோட்டில் முதல்முதலாகத் தேதிக்குக் கீழே ஒரு வரி விழுந்தது.

வியாழக்கிழமை வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். போதை மறுவாழ்வு இல்லத்தில் வேலை பார்க்கிற வசந்தா என்ற பெண் நாற்பத்தாறு பக்கத்தையும் நெஞ்சில் அணைத்தபடி மயங்கி விழுந்தாள். முந்தின நாள் ராத்திரியும் ஒன்றும் சாப்பிடவில்லையாம். தையல்நாயகி பக்கத்துக் கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தாள். தண்ணீர்க் கேன் ஒன்று வரவழைத்தாள். பழைய காலண்டரைக் கிழித்து நம்பர் போட்டு டோக்கன் கொடுத்து எல்லாரையும் நிழலில் உட்கார வைத்தாள். இனியவன் அந்தக் கேனிலேயே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "அனுமதியின்றிக் குடிநீர் வழங்கல்" என்று எழுதிக்கொண்டார்.

ஒரு மூலையில் அரிகிருஷ்ணன் என்று ஒரு பெரியவர் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார். கையில் முதியோர் உதவித்தொகை மனு. பலகையில் 'சமூக' என்று இருந்ததாம், அதற்குமேல் கண் தெரியாததால் உள்ளே வந்துவிட்டாராம். மூன்று நாளில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒழுங்காற்று வாரியம் அல்லவா, ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குப் போதும். தையல்நாயகி மனுவைச் சரிபார்த்து, ஆட்டோ வைத்து, சரியான ஆபீசுக்கு அனுப்பி வைத்தாள்.

மூன்றரை மணிக்குத் தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நோட்டு அவர் மேஜையில் திறந்து கிடந்தது.

"என்னம்மா இது? என் வாரியத்துக்குள்ளேயே, என் மூக்குக்குக் கீழேயே, சமூகப் பணி செஞ்சிருக்கீங்க! நான் உங்கள எச்சரிக்கணும்."

"எச்சரிங்க சார். ஆனா எனக்கு நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மேஜை ஓரத்தில் ஓர் ஓட்டல் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. மத்தியானத்துப் பொட்டலம். சாம்பார் கசிந்து அரசிதழை நனைத்திருந்தது. "நீங்க இன்னும் சாப்டலியா சார்?"

விஜயராகவன் வாயைத் திறந்தார். குழாய் பற்றி ஏதோ சொல்லத்தான் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மனைவி பாரிசில் மகனோடு இருக்கிறாள். பேரன் பிறந்ததற்குப் போனவள், ஆறு மாசமாகத் திரும்பவில்லை. வா என்று இவர் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. வீட்டில் மூன்று வேளையும் ஓட்டல் பொட்டலம், டி.வி.யில் செய்தி. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒருவரும் தம்மிடம் எதற்கும் வரவில்லை, அதனால்தான் இந்த வாரியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். இப்போது தினமும் நாற்பது பேர் வந்து வாசலில் நிற்கிறார்கள் என்றார். நாற்பத்தைந்து நிமிஷம் பேசினார். தையல்நாயகி பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தாள். பேசிக்கொண்டே சாப்பிட்டார். கடைசியில் அவள், "வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். அதுக்குத்தான் அந்தம்மா காத்துட்டிருக்காங்க" என்றாள்.

கதவருகே நின்ற இனியவன் எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பிறந்தது. காலையிலிருந்து தையல்நாயகி வாரியத்து வாசலில் நின்றாள். கவிநிலா இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, அம்மாவாசை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றாள். மத்தியானம் இரண்டரைக்குத் தையல்நாயகியை உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் நேற்றைய மனிதர் இல்லை. முகம் தெளிந்திருந்தது, சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"நேத்து சாயங்காலமே போன் பண்ணேன். பதினஞ்சாம் தேதி வரா" என்றார் சந்தோஷமாக. உடனே குரலை மாற்றிக்கொண்டார். "அது வேற விஷயம். காலாண்டு அறிக்கை போவணும். நாலு மாசமா நடவடிக்கை ஒண்ணும் இல்லேன்னா மேலேர்ந்து என்ன நெனப்பாங்க? படி தம்பி."

இனியவன் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைப் படித்தார். மொத்தம் பதினாலு குற்றங்கள். பதிவின்றி ராஜாம்பாள் என்பாரின் குடும்பத் துயரைத் தீர்த்தது. பதிவின்றி வசந்தா என்பாருக்கு முதலுதவியும் இட்லியும் அளித்தது. பதிவின்றி அரிகிருஷ்ணன் என்ற முதியவரைத் தக்க அலுவலகத்துக்கு நெறிப்படுத்தியது. பதினாலாவதைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "மேற்படியார், வாரியத் தலைவருக்கே, அவர் கோராத நிலையில், நாற்பத்தைந்து நிமிடம் மனநல ஆற்றுப்படுத்தல் வழங்கி, அதில் முழுப் பலனும் விளைவித்தது."

"இத எடுத்துடலாமா சார்?" என்று இனியவன் கேட்டார்.

"எதுக்கு எடுக்கணும்? நடந்தது நடந்ததுதான். சட்டத்துக்கு முன்னால நானும் ஒரு பயனாளி." விஜயராகவன் பேனாவைத் திறந்து, பதினாலையும் நேரில் கண்டதாக ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையும் குத்தினார். "ஆறு மாசம் சஸ்பெண்ட்."

தணிகாசலம் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சின்ன சிக்கல் சார். நம்ம சட்டப்படி, பதிவு பெற்றவங்க மேலதான் நாம நடவடிக்க எடுக்க முடியும். இந்தம்மா பதிவு பெறல. இவங்கள ஒண்ணும் பண்ண நமக்கு அதிகாரம் இல்ல."

நாலு மாசத்தில் கிடைத்த ஒரே குற்றவாளி கையை விட்டுப் போகிறாள்! தலைவரின் முகம் வாடிவிட்டது.

"அப்ப பதிவு பண்ணுய்யா!"

"பண்ணலாம் சார். அனுபவச் சான்று இல்ல."

"எது இல்ல? இதோ பதினாலு இருக்குதே! நானே பாத்து, நானே கையெழுத்து போட்டு... ஏழு ஆ என்னா சொல்லுது?"

"தலைவர் கையெழுத்து போட்ட எந்தப் பேப்பரும் செல்லும்னு சொல்லுது சார்."

"அவ்வளவுதானே! பதிவ போடு. போட்டுட்டு சஸ்பெண்ட் பண்ணு. ரெண்டு ஆர்டரும் இப்பவே வேணும்."

தையல்நாயகி நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடக்கூடாதே என்று உதட்டைக் கடித்தாள். தணிகாசலம் எழுந்து போய், பெரிய பதிவேட்டை எடுத்துவந்து, முதல் பக்கத்தின் முதல் வரியில் அவள் பெயரை எழுதி, ஸ்கேலை வைத்து அடிக்கோடு போட்டார். எண் 0001. கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். அப்போது மணி மூன்று இருபத்தெட்டு. பிறகு சஸ்பெண்ட் உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அச்செழுத்தில் ஒரு பிழை இருப்பதாகத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி வந்ததும் பக்க ஓரம் போதவில்லை என்றார். மூன்றாவது முறை வந்தபோது எழுந்து போய்த் தபால் அனுப்பும் பதிவேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா பூட்டற?" என்றார் தலைவர்.

"வெள்ளிக்கிழம மூணரைக்கு மேல டெஸ்பாட்ச் கெடையாது சார். உத்தரவு பதிவேட்டுல ஏறின நேரத்துலேர்ந்துதான் அமலுக்கு வரும். திங்கக்கிழம காலைல பத்து மணிக்கு முதல் வேலையா ஏத்திடறேன்."

"சரி, எங்க ஓடிடப் போறாங்க" என்றார் விஜயராகவன் பெருந்தன்மையாக.

தையல்நாயகி வெளியே வரும்போது தணிகாசலம் தலையைத் தூக்காமலே, "திங்கக்கிழம நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. நான் காலைல சாப்டறது கெடையாதும்மா. டீ மட்டும்தான்" என்றார்.

"சுகர் இருக்குதா சார்?"

"இருக்குது."

"அப்ப சாப்டாம இருக்கக்கூடாது. ரெண்டு இட்லியாச்சும் சாப்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அது பதிவோடு செய்த முதல் பணி, கணக்கில் சேரும்.

ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள், நாற்பத்தொன்பது வயதில், செருப்பு கையில். முதல் பஸ்ஸில் ஏற முடியவில்லை. இரண்டாவது பஸ் ராஜா தியேட்டர் சிக்னலில் நின்றே தீருவேன் என்று நின்றது. டிரைவரிடம் போய், "அண்ணே, ஒரு உசுரு விஷயம்ணே" என்றாள். அவர், "எல்லாருக்கும் உசுரு விஷயந்தாம்மா" என்று சொன்னாலும் ஹாரனை விடாமல் அடித்தார். கோரிமேட்டில் இறங்கி வார்டுக்குள் நுழையும்போது மணி நாலு ஐம்பத்தொன்று. கவிநிலா கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"நம்பர்க்கா?"

"மூணு சைபர் போட்டு ஒண்ணு."

கவிநிலா திரும்பிப் பார்த்தாள். "வெளையாடாதீங்கக்கா."

"போடுடி!"

போட்டாள். திரை ஒரு நிமிஷம் சுற்றிச் சுற்றி யோசித்தது. பிறகு, 'இவர் சமூகப் பணியாளர்' என்று காட்டிவிட்டு அடுத்த பக்கம் போனது. இருபத்துமூன்று வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படி எழுத்தில் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை தபாலில் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி முதல் ஆறு மாசம் சஸ்பெண்ட். கூடவே இரண்டாவது தாள் ஒன்று. மேற்படியார் திருந்தும்பொருட்டு, பதிவு பெற்ற சமூகப் பணியாளர் ஒருவரிடம் நாற்பது மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். மூன்றாவது தாளும் இருந்தது. பதிவேட்டின்படி பதிவு பெற்றவர் எண் 0001 ஒருவரே என்பதால், மேற்படிப் பயிற்சியை அளிக்கத் தங்களுக்குச் சம்மதமா என்று ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும். கீழே தணிகாசலத்தின் கையெழுத்து, ஒரு சுழிகூடப் பிசகாமல். தையல்நாயகி 'சம்மதம்' என்று எழுதி, அங்கேயே உறையில் போட்டு ஒட்டினாள்.

ஒட்டியது அம்மாவாசையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. நெஞ்சில் கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தார். முகத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. புது வால்வு நன்றாக வேலை செய்கிறது என்று காலையில்தான் கவிநிலா சொல்லிவிட்டுப் போனாள்.

"இன்னா தங்கச்சி, லெட்டரு?"

"என்ன ஆறு மாசம் வேலைய விட்டு நிறுத்திட்டாங்கண்ணே."

"இன்னாத்துக்கு?"

"எல்லாரையும் சாப்டியான்னு கேட்டதுக்கு."

அம்மாவாசை அவள் முகத்தைப் பார்த்தார். எந்தப் பதிவு எண்ணும் இல்லாத மனிதர், நாலடி இடைவெளிகூட விடாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விதி பதினாலை முழுசாக மீறினார்.

"மொகமே வாடிக் கெடக்குதே. நீ சாப்டியா?"

தையல்நாயகி வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். நோட்டும் கையுமாக யாரும் நிற்கவில்லை.

"இல்லண்ணே" என்றாள். "இன்னும் சாப்டல."